பெட்டியடிக்குத் திரும்புதல்: ப. சிங்காரத்தின் போரும் கடையும்

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை புயலைப் பற்றித்தான் பேசுகின்றன. கடல், சாகசம், போர், பகடி, மலாயும் டச்சும் சீனமும் செட்டிநாட்டுத் தமிழும் கலந்து ஓடும் அந்த மொழி. இதெல்லாம் நியாயமான பாராட்டுதான். ஆனால் நாவலை மறுபடி எடுக்கும்போதெல்லாம் எனக்கு அதில் கடைதான் பெரிதாகத் தெரிகிறது. வட்டிக்கடை. பெட்டியடி மேசை, சம்மணம் போட்டு உட்கார்ந்த பையன், பேரேடு. புயல் அடித்து ஓய்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது.

போர் மனிதர்களை மாற்றுகிறது, சமூகங்களைப் புரட்டிப் போடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். கொஞ்சம் யோசித்தால் அது ஒரு சோம்பேறி வாக்கியம் என்று தெரியும். யாரை மாற்றியது? எவ்வளவு காலத்துக்கு? மாறியவன் திரும்பி வந்து நிற்கும் இடம் அவனோடு சேர்ந்து மாறியிருந்ததா? சிங்காரம் எழுதியது இரண்டே நாவல்கள். 1950இல் எழுதி, கலைமகள் பரிசு வாங்கி 1959இல் வெளியான ‘கடலுக்கு அப்பால்’. 1962 வாக்கில் எழுதி முடித்து, பத்து வருடம் பதிப்பாளர் கிடைக்காமல் 1972இல் வெளியான ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டும் ஒரே போர், ஒரே கடல், ஏறக்குறைய ஒரே மனிதர்கள். மேலே உள்ள கேள்விகளுக்கு இந்த இரண்டும் ஒரு பதில் வைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்தப் பதிலில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் கடை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பர்மா, மலாயா, சுமத்ரா முழுக்கச் செட்டியார் வட்டிக்கடைகள் பரவியிருந்தன. ராமநாதபுரம் சீமையிலிருந்து பதினாறு பதினேழு வயதில் ஒரு பையன் கப்பலேறுவான். கடையில் பெட்டியடிப் பையனாக உட்காருவான். சில வருடம் கழித்து அடுத்தாள், அதிர்ஷ்டமும் அடக்கமும் இருந்தால் மேலாள். மூன்று வருடம் ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம், திரும்பி வரலாம். சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரமே 1938இல் இப்படித்தான் மேடானுக்குப் போனார். சிறு முதலாளிகளின் கடைகளும் இதே அச்சுதான். சம்பளம் கணக்கு முடிவில்தான் மொத்தமாகக் கையில் வரும், அதுவரை சாப்பாடு, படுக்கை எல்லாம் கடையிலேயே. முதலாளிக்கு எதிரே எப்படி நிற்க வேண்டும், கடன்காரனிடம் எந்தக் குரலில் பேச வேண்டும், கோபத்தை எங்கே போட்டுப் பூட்ட வேண்டும் என்பதையும் கடைதான் கற்றுக்கொடுக்கும். வட்டித் தொழிலுக்கு முதலீடு பணம் மட்டும் இல்லை, பணிவும்தான். இது அடிமைத்தனம் என்று சிங்காரம் எங்கும் பிரசங்கம் செய்வதில்லை. அந்த உலகத்தின் நுணுக்கத்தை ஒருவித ரசனையோடுதான் சொல்லிக்கொண்டு போகிறார். உள்ளே இருந்து பார்த்தவருக்கு அது ஒரு நாகரிகமும்கூட.

அந்த நாகரிகத்தின் தலைக்கு மேலே ஒரு பிரிட்டிஷ் கூரையும் டச்சுக் கூரையும் இருந்தன. கடன் பத்திரம் செல்லும், நீதிமன்றம் நடக்கும், தபால் வரும், நோட்டுக்கு மதிப்பு உண்டு. 1941 டிசம்பரில் கூரை பறந்தது.

பினாங்கில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு நாவல்களின் மனநிலைக்கும் அங்கேதான் வேர் இருக்கிறது. டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. ஜனங்கள் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில நாட்களில் வெள்ளைக்காரக் குடும்பங்களும் ராணுவமும் சத்தமில்லாமல் தீவை விட்டுப் போய்விட்டன. ஆசியர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைக் கடைசியில் இறக்கியவர் யார் தெரியுமா? ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து, இலங்கைத் தமிழர். ஊரில் அரசாங்கம் என்று எதுவும் இல்லாததால் ஒரு பத்திரிகைக்காரர் போய்க் கொடியை இறக்கி, இந்த ஊருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவிக்க வேண்டியிருந்தது. 19ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தார்கள். நூற்றைம்பது வருட ஆட்சி ஒரு வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதைத் தெருவில் நின்று பார்த்த ஒரு தலைமுறை. அதற்குப் பிறகு வெள்ளைக்காரனின் எந்த வார்த்தைக்கும் பழைய எடை கிடையாது.

‘புயலிலே ஒரு தோணி’ இதே கணத்தைத்தான் மேடானில் வைத்துத் திறக்கிறது. 1942 மார்ச் 13, ஜப்பானியப் படை நகருக்குள் வருகிறது. சிங்காரம் போர்க்களத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை, தெருவில் கூடி நின்று பார்க்கும் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறார். வந்தவன் குள்ளமாக இருக்கிறான், சைக்கிளில் வருகிறான், நேற்றுவரை கடவுள் மாதிரி நடமாடிய டச்சுக்காரனைக் காணோம். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்குள் ஏதோ அவிழ்கிறது. பிறகு கொள்ளை வருகிறது, கொள்ளைக்குப் புதிய எஜமானன் தரும் தண்டனையும் வருகிறது. ஆசிரியர் இதை எந்தப் பதற்றமும் இல்லாமல் சொல்கிறார். அதிகாரம் என்பது பார்ப்பவர்களின் கண்ணில்தான் இருக்கிறது, கண் ஒருமுறை வேறு பக்கம் திரும்பிவிட்டால் அவ்வளவுதான் என்பதைத் தமிழில் இவ்வளவு குளிர்ச்சியாகச் சொன்ன இன்னொரு நாவல் தொடக்கம் எனக்கு நினைவில்லை.

பாண்டியன் அங்கே இருக்கிறான். மேடானின் கடை உலகத்துக்குள் இருந்தபடி இதையெல்லாம் பார்க்கிறான். பின்பு தொங்கானில் ஏறிப் பினாங்குக்குப் போகிறான், வழியில் தலைப்புக்குக் காரணமான அந்தப் புயல். பினாங்கில் இந்திய தேசிய ராணுவம், நேதாஜி, அதிகாரிப் பதவி, ரகசிய வேலைகள், கொலைகள். ஜப்பான் சரணடைந்த பிறகு சுமத்ராவில் டச்சுக்காரர்களுக்கு எதிராக இந்தோனேசியக் கெரில்லாக்களோடு சேர்கிறான். கடைசியில் ஊர் திரும்ப நினைக்கும் நேரத்தில் சாகிறான். கதை இவ்வளவுதான். படித்தவர்களுக்குத் தெரியும், நாவல் இந்தக் கதையில் இல்லை.

நான் பேச நினைக்கும் காட்சி இதில்கூட இல்லை, ‘கடலுக்கு அப்பா’லில் இருக்கிறது. பெரிய நாவலின் நிழலில் அதைச் சின்ன நாவல் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். காதல் கதை, கொஞ்சம் மிகையுணர்ச்சி, முதல் முயற்சி என்றெல்லாம். எனக்கென்னவோ சிங்காரத்தின் கூர்மையான சமூகக் கணிப்பு அதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

செல்லையா, பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்த்தவன். பிள்ளையின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் அன்பு. போர் வந்ததும் அவன் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போகிறான். திரும்பி வருகிறான். வந்தவனுக்குப் பெண் கொடுக்கப் பிள்ளை மறுக்கிறார். அவர் முன்வைக்கும் காரணம்தான் முக்கியம். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனி வட்டித் தொழிலுக்கு உதவ மாட்டான். அவ்வளவுதான்.

முதல் வாசிப்பில் பிள்ளை மேல் கோபம் வரும். நாட்டுக்காகப் போனவனை இப்படிச் செய்வாரா என்று. ஆனால் சிங்காரம் அவரை வில்லனாக எழுதவில்லை. பிள்ளை ஒரு நல்ல மேலாளர், ஆளை எடைபோடத் தெரிந்தவர். ராணுவம் ஒருவனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும்? நிமிர்ந்து நிற்க, உத்தரவு போட, முடிவை உடனே எடுக்க, அவமானத்துக்கு அங்கேயே பதில் கொடுக்க. பெட்டியடி இவை ஒவ்வொன்றையும் பல வருடம் செலவழித்து ஒருவனிடமிருந்து அகற்றுகிற இடம். செல்லையா எவ்வளவு குனிந்தாலும், பழைய மாதிரியே பேச முயன்றாலும், அவன் முதுகில் ஏதோ ஒன்று நிமிர்ந்துவிட்டதைப் பிள்ளையின் கண் பார்த்துவிடுகிறது. அந்த நிமிர்வுக்கு அவருடைய ஐந்தொகையில் பற்றிலும் இடமில்லை, வரவிலும் இடமில்லை.

போருக்குப் பிந்தைய சமூகம் வீரனைக் கொண்டாடும், இல்லையென்றால் துரோகி என்று தூற்றும் என்று நாம் சினிமா பார்த்துப் பழகியிருக்கிறோம். சிங்காரம் காட்டுவது மூன்றாவது ஒன்றை. அது அவனிடம் மரியாதையாகவே பேசும், வேலைக்கு மட்டும் எடுக்காது.

இங்கே என் தொழிலிலிருந்து ஒரு சின்ன இடைச்செருகல். 2020இல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது எங்கள் அலுவலக அழைப்புகளில் தினமும் ஒரு பிரசங்கம் நடக்கும். உலகம் இனி பழைய மாதிரி இருக்காது, வேலை என்பதன் அர்த்தமே மாறிவிட்டது, மனிதன்தான் முக்கியம். பேசியவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் நிஜமாகவே நம்பினார்கள். இரண்டு வருடம் கழித்து அதே ஆட்களிடமிருந்து, வாரம் ஐந்து நாள் அலுவலகம் வரவேண்டும், உள்ளே நுழைந்த நேரம் பதிவாகும் என்று மின்னஞ்சல் வந்தது. நடுவில் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்தவர்கள், ஊரிலேயே இருந்து பழகி வேறு மாதிரி வாழ நினைத்தவர்கள், இவர்களைப் பற்றியெல்லாம் ‘இப்போது இவருக்கு வேலையில் ஈடுபாடு இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டார்கள். உலகப் போரையும் ஐடி கம்பெனியையும் ஒப்பிடுகிறான் பார் என்று அடிக்க வராதீர்கள். அளவு வேறு, ரத்தம் வேறு. ஆனால் அந்த ஒற்றை வரியைப் படித்தபோது எனக்கு வயிரமுத்துப் பிள்ளையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

பிள்ளைக்குப் பக்கபலமாக வரலாறும் இருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் அச்சடித்த நோட்டுகளுக்கு மலாயாவில் வாழைமர நோட்டு என்று பெயர். பத்து டாலர் நோட்டில் வாழை மரம் இருக்கும். வாங்கிய கடனை இந்த நோட்டில் கொண்டுவந்து கட்டினால் கடன்கொடுத்தவன் என்ன செய்வான்? வேண்டாம் என்று சொன்னால் ஜப்பானியன் கேட்பான், வாங்கினால் கையில் இருப்பது வெறும் காகிதம். 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து அந்த நோட்டுகள் செல்லாது என்றார்கள். மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போனது. 1948இல் மலாயாவில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன், பாக்கிகளை எப்படித் தீர்ப்பது, எந்த மாதத்து ஜப்பானிய நோட்டுக்கு எவ்வளவு பிரிட்டிஷ் டாலர் என்று ஓர் அட்டவணையோடு.

இந்த அட்டவணையைப் பற்றி முதன்முதலில் தெரிந்துகொண்டபோது அன்று இரவு முழுக்க அதே யோசனையாக இருந்தேன். மூன்றரை வருடப் பஞ்சம், மரணம், தலை வெட்டு, காட்டிக்கொடுப்பு, காதல், வீரம் எல்லாவற்றையும் ஒரு மாற்று விகிதமாக்கிக் கணக்கை மறுபடி ஓட்டிவிட்டார்கள். ஒரு மென்பொருள்காரனுக்கு இது ரொம்பப் பரிச்சயமான வேலை. சர்வர் விழுந்து எழுந்ததும் நாங்கள் முதலில் செய்வது இதுதான், விழுந்த நேரத்துப் பதிவுகளை எடுத்துச் சரிக்கட்டுவது. சரிக்கட்ட முடியாத பதிவுகளைத் தனியாக ஒரு ஓரத்தில் போட்டுவிடுவோம். யாராவது பிறகு பார்ப்பார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். செல்லையா அப்படி ஓரத்தில் போடப்பட்ட ஒரு பதிவு.

*

பாண்டியனின் கதை வேறு. அவன் எந்தப் பிள்ளையிடமும் போய்ப் பெண் கேட்பதில்லை, கடைக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. செல்லையாவுக்கு மறுக்கப்பட்டதை இவன் முன்கூட்டியே உதறிவிட்டான். அந்த வெற்றிடத்தில்தான் தமிழ் இலக்கியத்தின் விசித்திரமான உரையாடல்கள் சில நடக்கின்றன. பினாங்கில் நண்பர்கள் குடித்துவிட்டுக் கூட்டும் அந்தத் தமிழ்ப் பேரவை. சங்ககாலம், மூவேந்தர், கற்பு, வீரம், புலவர்கள், ஒன்றும் மிச்சமில்லை. நம் பெருமையின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். சத்தம் வராதவற்றைத் தூக்கி எறிகிறார்கள். எறிகிற கையில் அந்தச் செய்யுள்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. தெரியாதவனின் நக்கல் இல்லை இது.

இந்தப் பகுதிகளை நம் தலைமுறை வாசகர்கள் மீம் மாதிரி ரசிக்கிறோம், திரைப்பிடிப்பு எடுத்துப் பகிர்கிறோம். தப்பில்லை. ஆனால் இது எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். சிங்காரம் இதை மதுரையில் உட்கார்ந்து எழுதுகிறார். 1947இலிருந்து தினத்தந்தியில் வேலை. வெளியே திராவிட இயக்கம் ஏறுமுகத்தில் இருக்கிறது, மேடைக்கு மேடை சேரனும் சோழனும் பாண்டியனும் எழுந்து வருகிறார்கள், கடாரம் கொண்டான் வருகிறான். அந்தக் கடாரத்தில்தான், அதாவது இன்றைய கெடாவுக்குப் பக்கத்துத் தீவில்தான், இவர் வட்டிக்கடைத் தமிழனைப் பார்த்திருக்கிறார். கடல் கடந்து வென்றோம் என்ற மேடைப் பேச்சுக்கும் கடல் கடந்து போய் வட்டிக் கணக்கு எழுதிய உண்மைக்கும் நடுவில் உள்ள தூரம் அவருக்கு உடம்பால் தெரியும். கதாநாயகனுக்குப் பாண்டியன் என்று பெயர் வைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 1972இல் நாவல் வந்தபோது அந்த மேடைகள் ஆட்சியில் இருந்தன. நாவலை யாரும் எதிர்க்கவில்லை. கண்டுகொள்ளவே இல்லை.

ஏன் இந்தப் பேச்சு பினாங்கில், போரின் நடுவில் மட்டும் சாத்தியமாகிறது? அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. அப்பா இல்லை, சாதிசனம் இல்லை, கட்சி இல்லை, ஊர்ப் பெரியமனிதர் இல்லை. ராணுவத்தில் பொதுச் சமையல், சீக்கியனும் முஸ்லிமும் தமிழனும் ஒரே பந்தியில். போர் அவர்களுக்குக் கொடுத்த பெரிய பரிசு துப்பாக்கி இல்லை, இந்தக் கேட்பாரற்ற நிலைமைதான். அதில் சிலருக்கு ‘இந்தியன்’ என்று ஓர் அடையாளம் கிடைத்தது. பாண்டியனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவனுக்கு எல்லாம் கழன்றுபோனது. சின்னமங்கலத்தின் சந்தையும் மதுரைத் தெருக்களும் பக்கம் பக்கமாக அவன் நினைவில் ஓடுகின்றன, ஆனால் அவற்றைப் பெருமையாக மாற்ற அவன் மறுக்கிறான். அடையாளம் என்பது நினைவாக மட்டும் மிஞ்சி, கொள்கையாக ஆகாமல் நிற்கும் ஒரு நிலை. நெருக்கடி வந்தால் எல்லோரும் தங்கள் இனத்துக்குள், மதத்துக்குள் இன்னும் இறுக்கமாக ஒடுங்குவார்கள் என்பது பொது விதி. பாண்டியன் அந்த விதிக்கு வெளியே போன ஒரு தமிழன். அதனால்தான் நாவலாசிரியரால் அவனை உயிரோடு ஊருக்கு அனுப்ப முடியவில்லை என்று தோன்றுகிறது. 1946இல் சிங்காரம் மட்டும் திரும்பி வந்தார். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே பறிகொடுத்துவிட்டு வந்து, மதுரை ஒய்.எம்.சி.ஏ. அறை ஒன்றில் பல பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்து, 1997இல் இறந்தார்.

*

இனி என் சண்டை.

சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பதில் இது: போர் சில தனிமனிதர்களைத் தலைகீழாக மாற்றும், சமூகம் தன் கணக்கை மூடிவிட்டுப் பழைய பேரேட்டைத் திறக்கும், மாறியவன் ஒன்று செல்லையாவாக அடங்குவான், இல்லையென்றால் பாண்டியனாகச் சாவான். அழகான பதில். ஆனால் இது கடைக்குள் இருந்து சொல்லப்பட்ட பதில்.

மலாயாத் தமிழர்களில் கடைக்காரர்கள் ஒரு சிறுபான்மை. மிகப் பெரும்பான்மை ரப்பர் தோட்டங்களில் இருந்தது. அவர்களுக்குப் பெட்டியடி கிடையாது, மூன்று வருடக் கணக்கு கிடையாது. 1943 அக்டோபரில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் தேதி சயாம்–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் சந்திக்கின்றன. 415 கிலோமீட்டர். அதைப் போட மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் தமிழர்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து, 21ஆம் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்கிறார். மறுநாள் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கிறது. அதில் பெரும் பகுதி தோட்டத்துப் பெண்கள், தமிழ்ப் பெண்கள். ராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் போகவேண்டியதில்லை என்பதும் பலர் சேர்ந்ததற்கு ஒரு காரணம். கொடியும் சாவும் ஒரே வாரத்தில், ஒரே ஜனங்களுக்கு.

இந்த ஜனங்கள் சிங்காரத்தின் மையத்தில் இல்லை. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மரகதம் வீட்டுக்குள் காத்திருக்கிறாள், அழுகிறாள். அதே மலாயாவில் அவளைவிடப் பெரிய வயதில்லாத, வசதியான வீட்டுப் பெண்ணான ஜானகி தேவர், ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாகி, பர்மா வரை போய்த் திரும்பி, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவாவதில் பங்கெடுத்தார். மரகதத்துக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு வாழ்க்கை இருந்ததென்று நாவலுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் தெரிந்தே விட்டிருக்கலாம், கடைவீட்டுப் பெண்ணின் நிலைமை அதுதான் என்று. அப்படியென்றாலும் ராணுவத்தை இவ்வளவு விரிவாக எழுதிய கை, அதில் துப்பாக்கி பிடித்த பெண்களைக் கதையின் நடுவே கொண்டுவராதது உறுத்துகிறது.

போர் முடிந்தபின் தோட்டங்களில் என்ன ஆனது? அங்கே பேரேடு திறக்கவில்லை. கெடாவில், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில், 1946இலேயே தொண்டர் படை என்று ஒன்று கிளம்புகிறது. ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் இளைஞர்கள் அணிவகுப்புப் பழகினார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் கற்ற அதே அணிவகுப்பு. குறி வைத்தது கள்ளுக்கடையை. தொழிலாளியின் கூலி தோட்டத்துக்கே திரும்பிப் போகிற குழாய் அதுதான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1947 தொடக்கத்தில் போலீசோடு மோதி உயிர்கள் போயின. வயிரமுத்துப் பிள்ளை எந்த நிமிர்வைக் கண்டு பயந்தாரோ, அது இங்கே ஒரு முதுகில் இல்லை, ஆயிரம் முதுகுகளில்.

இதையெல்லாம் போர்தான் செய்தது என்று சொன்னால் அதுவும் சோம்பேறித்தனம். ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1941இல், கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது. பிரிட்டிஷார் பட்டாளத்தைக் கூப்பிட்டுச் சுட்டு அடக்கினார்கள். ஆக, முதுகு ஏற்கெனவே நிமிரத் தொடங்கியிருந்தது. போர் அதற்குச் சீருடையும் பயிற்சியும் கொடுத்தது. பினாங்கில் கொடி இறங்கியதைப் பார்த்த கண் அதற்குத் தைரியம் கொடுத்தது. கடைப்பையனுக்கு இப்படி முன்கதை எதுவும் இல்லை. அவன் போருக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கத் தயாராக இருந்தான், மேலாள் ஆகும் நம்பிக்கையில். இழக்க ஏதோ இருந்தவன் அடங்கினான், இல்லாதவன் அடங்கவில்லை. நெருக்கடி ஒரு சமூகத்தை மாற்றியதா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. அதற்கு முன்பு யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

தோட்டத்துப் பக்கத்தை மலேசியத் தமிழ் எழுத்து எழுதியிருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. சிங்காரத்தின் மொழிவீச்சு இவற்றில் இல்லை. அந்த நக்கலும் இல்லை, நக்கலுக்கு நேரம் இல்லாதவர்களின் கதை அது. தமிழ்நாட்டு வாசகர்கள் ‘புயலிலே ஒரு தோணி’யை உலகத்தரம் என்று கொண்டாடிவிட்டு இவற்றைத் தேடிக்கூடப் பார்ப்பதில்லை. போரைப் பற்றிய நம் கற்பனை முழுக்கக் கடையிலிருந்து பார்த்ததாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிங்காரத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எஸ்.ஏ. கணபதி என்று ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக அவரை 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். இந்திய அரசு தலையிட்டும் நடக்கவில்லை. அந்த வருடம் சிங்காரம் மதுரையில், ஒரு தமிழ் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். மலாயாவிலிருந்து வரும் தந்திகள் மேசை மேசையாகப் போகிற இடம் அது. அடுத்த வருடம் அவர் தன் முதல் நாவலை எழுதுகிறார். அதில் இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய ஒருவன், முதலாளி பெண் தரவில்லை என்றதும், கொஞ்ச நேரம் உடைந்து நின்றுவிட்டு, பிறகு ஏற்றுக்கொள்கிறான்.